சாம்பலில் பிறக்காத பறவை: ஜப்பானிய அரக்கு வேலையில் மூன்று புராணப் பறவைகள்

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் ஜப்பானியக் கைவினைகள் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலநடுக்கம் வந்து, வாஜிமா என்ற ஊர் குலைந்து கிடந்த சமயம் அது. நமக்குக் காஞ்சிபுரம் என்றால் பட்டு. ஜப்பானியருக்கு வாஜிமா என்றால் அரக்குப் பாத்திரம். ஊரின் காலைச் சந்தைத் தெருவும் அதை ஒட்டிய பகுதியும் தீயில் போயின. சுமார் 240 கட்டடங்கள் எரிந்தன. பேச்சை முடிக்கும்போது, கைதட்டல் வாங்குகிற ஆசையில், "தங்கள் பேழைகளில் அவர்கள் தீட்டும் ஃபீனிக்ஸ் பறவையைப் போல வாஜிமாவும் சாம்பலிலிருந்து உயிர்த்தெழும்" என்று சொல்லி உட்கார்ந்தேன். கைதட்டலும் கிடைத்தது.

தேநீர் வேளையில் ஓர் உறுப்பினர் அருகில் வந்தார். பல ஆண்டுகள் ஒசாகாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். "சார், பேச்சு நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பறவை நெருப்புல விழறதே இல்லையே சார். அப்புறம் சாம்பல்லேர்ந்து எப்படி எழுந்திருக்கும்?" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான், நான் சொன்னது ஒரு சிறு தவறு அல்ல, அந்தக் கலையையே தலைகீழாகப் படித்த தவறு என்று புரிந்தது. இந்தக் கட்டுரை, காலம் கடந்து அவருக்கு நான் சொல்லும் பதில்.

அரக்கு என்ற சொல்

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நாம் அரக்கு என்று சொல்வது ஒரு பூச்சி மரக்கிளையில் உண்டாக்கும் பிசின். பெங்களூருக்குப் பக்கத்துச் சென்னபட்டணத்தில் கடைசல் பிடித்துச் செய்யும் மரப் பொம்மைகளுக்குப் பளபளப்பு தருவது அதுதான். ஜப்பானியர் 'உருஷி' என்பது வேறு. அது ஒரு மரத்தின் பால். மரப்பட்டையைக் கீறி, வடியும் பாலைச் சுரண்டி எடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரம் ஒன்று தருவது ஏறக்குறைய 200 கிராம்தான். பச்சையாகத் தோலில் பட்டால் தடித்துக் கொப்புளம் போடும். ஆனால் இறுகிவிட்டால் நீருக்கும் அமிலத்துக்கும் எளிதில் அசையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்ணப்பூச்சு எல்லாம் வெயிலில் காயும் என்று நமக்குத் தெரியும். உருஷி காய்வதில்லை, இறுகுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். காற்றில் நீராவி நிறைந்த மர அலமாரிக்குள் பாத்திரத்தை வைத்தால்தான் அது கெட்டிப்படும். ஒரு பூச்சு, ஓர் இறுகல், ஒரு தேய்ப்பு, மறுபடி பூச்சு. இப்படி நாள்கணக்கில், மாதக்கணக்கில் போகும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஒத்துவராது.

அதன்மேல் படம் தீட்டும் முறைக்கு 'மாகி-எ' என்று பெயர். தூவிய படம் என்று பொருள். ஈர அரக்கால் கோடு வரைந்து, அது இறுகுமுன் பொன் தூளையோ வெள்ளித் தூளையோ அதன்மேல் தூவுவார்கள். தூவிய பிறகு முழுப் பரப்பின்மேலும் அரக்கைப் பூசி மூடிவிட்டு, பிறகு கரியால் தேய்த்து அந்தப் பொன்னை மீண்டும் வெளிக்கொணர்வது பழைய முறை. அப்போது படம் பரப்போடு பரப்பாக இருக்கும். விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. படத்தைப் புடைப்பாக எழுப்பிக் காட்டும் முறை பிற்பாடு வந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பறவைகளைப் பார்ப்பது எளிது.

கைகள் காப்பாற்றிய கருடன்

முதல் பறவை நமக்குத் தெரிந்தவர்தான். நாரா நகரத்துக் கோஃபுகுஜி ஆலயத்தில் எட்டுக் காவல் கணங்களின் சிலைகள் உள்ளன. அவற்றில் ஒன்றின் பெயர் 'கருரா'. கருடன் என்ற சொல் சீனம் வழியாகப் போய் இப்படி ஆகியிருக்கிறது. கோமியோ பேரரசி, 733இல் இறந்த தன் தாயின் நினைவாக எழுப்பிய மேற்குப் பொன்மண்டபத்துக்காக 734இல் செய்யப்பட்டவை இவை. களிமண் உருவின்மேல் சணல் துணியை அரக்கில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, இறுகியதும் உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடுவார்கள். எஞ்சுவது துணியும் அரக்குமான ஓட்டுடல். உள்ளே தாங்கலுக்குக் கொஞ்சம் மரம்.

கருரா சுமார் ஒன்றரை மீட்டர் உயரம். பறவைத் தலை, வளைந்த அலகு, மனித உடல், சீன வீரனின் கவசம். நம் கோயில்களில் கூப்பிய கையோடு முழங்காலிட்டிருக்கும் கருடாழ்வாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 'இவரா அவர்?' என்று தோன்றும். சற்றே பக்கவாட்டில் திரும்பிய அந்த முகத்தில் வீரத்தைவிட விழிப்புத்தான் அதிகம். தூரத்துச் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்கும் ஊர்க்காவலன் மாதிரி.

இவர் இருந்த மண்டபம் பலமுறை எரிந்தது. 1717இல் எரிந்த பிறகு அதை மீண்டும் கட்டவே இல்லை. ஆனால் சிலைகள் தப்பின. இந்த வகைச் சிலை உள்ளீடற்றது என்பதால், கிட்டத்தட்ட ஆள் உயரம் இருந்தும் எடை மிகக் குறைவு. தீப்பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம். கருடன் சாம்பலிலிருந்து எழவில்லை. யாரோ பெயர் தெரியாதவர்கள் கையில் எடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அன்று நான் பேசிய பேச்சுக்கு இதுவே பாதிப் பதில்.

பெட்டியின்மேல் பாடும் பறவை

இரண்டாவது பறவை 'கர்யோபிங்கா'. சமஸ்கிருதத்தில் 'கலவிங்கம்'. இடுப்புக்கு மேல் மனித உருவம், கீழே பறவை. முட்டைக்குள் இருக்கும்போதே பாடத் தொடங்கிவிடும் என்பது ஐதிகம். அமிதாப புத்தரின் தூய உலகை வர்ணிக்கும் சூத்திரத்தில் மயில், கிளி, நாகணவாய் ஆகியவற்றோடு இதுவும் வருகிறது. அங்கே ஒரு கேள்வியும் எழுகிறது: தூய உலகில் விலங்குப் பிறவி எப்படி இருக்க முடியும்? வினைப்பயனால் பிறந்தவை அல்ல இவை, அறத்தைக் குரலாகப் பரப்புவதற்காகப் புத்தரே உண்டாக்கியவை என்று சூத்திரம் விடை சொல்கிறது. ஆக, இந்தப் பறவையை உடலாகக் கொள்வதைவிடக் குரலாகக் கொள்வதே பொருந்தும்.

இப்போது கியோட்டோவின் நின்னாஜி ஆலயத்துப் பெட்டி ஒன்றைப் பார்ப்போம். முழ நீளத்துக்கும் குறைவானது. கூகாய் என்ற துறவி 804இல் சீனம் சென்று 806இல் திரும்பினார். அங்கே படியெடுத்துக் கொண்டுவந்த முப்பது ஏடுகளை வைப்பதற்காக, டாய்கோ பேரரசரின் ஆணையால் 919இல் செய்த பெட்டி இது. கருடன் சிலையைப் போலவே சணல் துணியும் அரக்கும் சேர்த்துச் செய்த உடல். கறுத்த பரப்பில் பொன்னும் வெள்ளியும் தூவிய மலர்க்கொடிகள், மேகங்கள், அவற்றுக்கிடையே கலவிங்கப் பறவைகள். மூடியின் நடுவில் பொன் எழுத்து: கூகாய் சீனம் சென்று தேடிப் பெற்ற அறநூல் ஏடுகளை வைக்கும் பெட்டி என்பது அதன் சாரம். அதில் கூகாய் பெயரோடு வரும் பட்டம் நம்முடைய 'ஆசார்யர்' என்ற சொல்லின் ஜப்பானிய வடிவம்.

இந்தப் பறவைகளை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. பெட்டியைத் திறக்காதபோது உள்ளே இருக்கும் ஏடு பேசாது. அப்போது அதன் குரலாக மேலே பறப்பவை இவை. முட்டைக்குள்ளிருந்தே பாடும் பறவையை, மூடிய பெட்டியின்மேல் தீட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இது என் ஊகம்தான். செய்தவர் இப்படி எண்ணினார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பொருத்தம் தற்செயலாகத் தோன்றவில்லை. வேலைமுறையும் அதற்கு இசைகிறது. மூடித் தேய்த்து வெளிக்கொணர்ந்த படம் இது. கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படாது. குரலும் அப்படித்தானே, காதுக்கு உண்டு, கைக்கு இல்லை.

வடக்கே ஹிராய்ஸுமியில், 1124இல் கட்டிய சூசோன்ஜி ஆலயத்துப் பொன்மண்டபம் முழுக்க அரக்கும் பொன் தகடும் சிப்பியும்தான். அங்கே தொங்கவிட்டிருந்த முலாம் பூசிய வெண்கலத் தொங்கல்களிலும் கலவிங்கங்கள் உண்டு. அழகுக்குக் குறைவில்லை. ஆனாலும் என் ஓட்டு நின்னாஜிப் பெட்டிக்குத்தான். தொங்கலில் அந்தப் பறவை மண்டபத்துக்கு அணி. பெட்டியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

தானாக வரும் விருந்தாளி

இனி, நான் ஃபீனிக்ஸ் என்று சொல்லி மாட்டிக்கொண்ட பறவை. ஜப்பானியர் இதை 'ஹோஓ' என்கிறார்கள். சீனத்திலிருந்து வந்தது. சேவல் அலகு, பாம்புக் கழுத்து, மீன் வால், ஐந்து நிறம் என்று பழைய சீன நூல்கள் வர்ணிக்கும். மூங்கில் விதை தவிர வேறு தின்னாது, இனிய ஊற்று நீர் தவிர வேறு குடிக்காது, ஒரே ஒரு வகை மரத்தில்தான் அமரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்லாட்சி நடக்கும் காலத்தில் மட்டுமே அது கண்ணுக்குத் தென்படும்.

ஐரோப்பியர் இதற்குத் தங்கள் கதையிலிருந்து ஃபீனிக்ஸ் என்ற பெயரை எடுத்து வைத்தார்கள். நாம் ஆங்கிலம் வழியாகப் படித்து அதை அப்படியே வாங்கிக்கொண்டோம். பெயரோடு நெருப்பும் சாம்பலும் சேர்ந்தே வந்துவிட்டன. மேல்நாட்டு ஃபீனிக்ஸைக் குறிக்க ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது. 'சாகாப் பறவை' என்று அதற்குப் பொருள். பிற்காலத்தில் இரண்டையும் கலந்து கதை எழுதியவர்கள் ஜப்பானிலும் உண்டு. ஆனால் பழைய அரக்குப் பேழைமேல் இருப்பது அந்தப் பறவை அல்ல.

வேறுபாடு பெரியது. ஃபீனிக்ஸ் தன் பலத்தால் எழும். அதற்கு ஊர் எப்படி இருக்கிறது, அரசன் எப்படி ஆள்கிறான் என்ற கவலை இல்லை. ஹோஓ அப்படியல்ல. ஆட்சி நன்றாக இருந்தால் வரும், இல்லையென்றால் வராது. அந்தப் பறவை வரக் காணோமே என்று கன்ஃபூசியஸ் வருந்தியதாக அவருடைய உரைத் தொகுப்பு சொல்கிறது. அது ஆட்சியின்மேல் வைத்த குற்றச்சாட்டு. செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், முறைப்படி ஆளும் மன்னனின் நாட்டில்தான் மழையும் விளைவும் சேர்ந்திருக்கும் என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மழை, அவர்களுக்குப் பறவை.

எனவே அரசவைப் பொருளில் ஹோஓவைத் தீட்டுவது ஓர் உரிமை கோரல். 'வந்துவிட்டது பார்' என்று சொல்வது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டுக் கால் வைத்த பெட்டகம் ஒன்று இருக்கிறது. அதன் கறுப்பு அரக்கில், வட்டங்களுக்குள் ஹோஓ உருவங்களைச் சிப்பி பதித்துச் செய்திருக்கிறார்கள். பொன் தூளைவிட இந்தப் பறவைக்குச் சிப்பியே பொருத்தம் என்பேன். பொன் எந்தப் பக்கம் பார்த்தாலும் பொன்தான். சிப்பி, நாம் ஓர் அடி நகர்ந்தால் பச்சை, இன்னோர் அடி நகர்ந்தால் இளஞ்சிவப்பு. ஐந்து நிறப் பறவையைக் காட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதோடு, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் மினுங்கி மறைவதும் அதன் குணத்துக்கு ஒத்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதை மாறியது. 1873இல் வியன்னா உலகக் கண்காட்சியில் ஜப்பானிய அரசு கலந்துகொண்ட காலத்தில் அரக்குப் பொருள்களுக்கு மேல்நாட்டுச் சந்தை பெரிதாகத் திறந்தது. அந்தச் சந்தைக்கென்று செய்த பொருள்கள் பலவற்றில் பறவை, புடைப்பாக, இறக்கை விரித்து, இடம் விடாமல் நிறைந்திருப்பதைப் பார்க்கலாம். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்குகிறவருக்கு அது 'கீழ்நாட்டு ஃபீனிக்ஸ்'. எப்போது வரும், ஏன் வராது என்ற கேள்வியே அவருக்கு இல்லை. கேட்ட மாத்திரத்தில் எல்லாத் தட்டிலும் வந்து உட்காரும் ஹோஓ, என் பார்வையில், தன் வேலையை விட்டுவிட்ட பறவை.

பறவை இல்லாத மரம்

பறவை அமரும் மரம் சீனத்தில் ஒன்று. ஜப்பானில் அதன் இடத்தைக் 'கிரி' என்னும் ஊதாப்பூ மரம் பிடித்துக்கொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசவைப் பெண் செய் ஷோனகொன், பெயர் பெற்ற அந்தப் பறவை தேர்ந்து அமரும் மரம் என்பதால் கிரியைத் தனியாகச் சிறப்பித்து எழுதினார். பேரரசரின் சடங்கு ஆடையில் கிரி, மூங்கில், ஹோஓ மூன்றும் சேர்ந்து வரும். உழைத்து மேலேறி நாட்டையே கைக்குள் கொண்டுவந்த தோயோதோமி ஹிதேயோஷி, பேரரசரிடமிருந்து கிரிச் சின்னத்தைப் பெற்றார். பறவை அரண்மனையில் இருக்க, மரம் மட்டும் அவர் வீட்டுக்கு வந்தது.

1598இல் அவர் இறந்தார். அவர் மனைவி 1606இல் கியோட்டோவில் கோதாய்ஜி ஆலயத்தை நிறுவினார். அங்குள்ள நினைவு மண்டபத்தின் உட்புறம் அரக்கு வேலையின் பெரிய உச்சங்களில் ஒன்று. கறுப்புப் பரப்பில் இலையுதிர்காலப் புற்கள் பொன்னில் வளைந்து ஆடுகின்றன. படிகளில் பூக்கள் ஏற்றிய தெப்பங்கள் மிதக்கின்றன. இடையிடையே கிரிச் சின்னம். நுணுக்கிப் பூசிய பழைய வேலை இல்லை இது. விரைவும் தெளிவும் கொண்ட கோடுகள். ஹிதேயோஷியின் திருவுருவத்தைச் சுற்றி எங்கும் அந்த மரத்தின் இலையும் பூவும். பறவைதான் இல்லை.

'குலச்சின்னம் குலச்சின்னம்தானே, அதில் பறவையைத் தேடலாமா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் 1615இல் ஒசாகாக் கோட்டை விழுந்து அந்தக் குடும்பமே அழிந்தது. மனைவி அதைக் கண்டு, 1624 வரை வாழ்ந்தார். இது தெரிந்தவர்களுக்கு, குளிர்காலத்தை எதிர்நோக்கும் புல்வெளியில் ஆளில்லாத ஆசனம் போல நிற்கும் கிரி, வெறும் முத்திரையாகத் தெரியாது. நான் பார்த்த ஹோஓப் படங்கள் எதுவும் சொல்லாததை, ஹோஓ இல்லாத இந்த அரக்குச் சுவர் சொல்கிறது.

இதில் இன்னொரு முரணும் உண்டு. 2019 அக்டோபர் 22 அன்று பேரரசர் நருஹிதோ அரியணை ஏறியதை உலகுக்கு அறிவித்தபோது நின்றது, கறுப்பு அரக்குப் பூசிய எண்கோண மேடையில். அதன் கூரை உச்சியில் பெரிய பொன் ஹோஓ. எட்டு மூலைகளிலும் சிறியவை. ஆனால் 1947 முதல் நடைமுறையில் உள்ள அரசமைப்பின்படி பேரரசருக்கு ஆளும் அதிகாரம் கிடையாது. ஆளும் அமைச்சரவையின் சின்னமோ கிரி. ஆக, பறவை ஆளாதவரின் தலைக்கு மேல். மரம் ஆளுகிறவரின் மேசைக்கு முன்னால்.

மறுபடியும் வாஜிமா

வாஜிமா அரக்குக்கு ஒரு தனிச் சிறப்பு அதன் அடிப்பூச்சு. அந்த ஊர் மலையில் கிடைக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடியாக்கி அரக்கில் கலந்து பூசுவார்கள். பாத்திரத்தின் உறுதி அதில்தான் இருக்கிறது. மரம் கடைபவர், அடிப்பூச்சுக்காரர், மேல்பூச்சுக்காரர், பொன் தூவுபவர் என்று ஆளாளுக்கு ஒரு பங்கு. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் சங்கிலி அறும். நிலநடுக்கத்துக்குப் பின் இடிபாடுகளுக்குள்ளிருந்து கிண்ணங்களையும் கருவிகளையும் தேடி எடுத்தார்கள். அதே 2024இன் செப்டம்பரில் பெருமழை பெய்து, வீடிழந்தவர்களுக்குக் கட்டிய தற்காலிகக் குடியிருப்புகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, 'ஃபீனிக்ஸ் போல எழுவீர்கள்' என்று சொல்வது கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு கைகழுவல் இருக்கிறது. எழுவது உன் பாடு, நீயே எழுந்துகொள் என்று பொருள். அவர்கள் மரபின் பறவை பேசுவது வேறு மொழி. வீடு கட்டித் தந்தாயா, தண்ணீர் வந்ததா, கைவினைஞர் திரும்பி வர வழி செய்தாயா என்று அது ஆளுகிறவரைத்தான் கேட்கும். பதில் திருப்தியாக இருந்தால்தான் வந்து மரத்தில் உட்காரும். ஒரு பெட்டிமேல் அந்தப் பறவையைப் பார்க்கும்போது 'எவ்வளவு அழகு' என்று சொல்வதோடு, 'உண்மையாகவே வந்ததா?' என்றும் கேட்கப் பழக வேண்டும். கேட்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் இந்தக் கலை தன் முழு முகத்தைக் காட்டும்.

தேநீர்க் கோப்பையோடு வந்து என்னைத் திருத்திய நண்பருக்கு நன்றி. அன்றைய பேச்சின் கடைசி வரியை இப்போது மாற்றிக்கொள்கிறேன்: வாஜிமாவின் கருடனைக் கையில் எடுத்து வெளியே கொண்டுவர ஆட்கள் இருக்கிறார்கள், ஹோஓ வருமா என்பது அவர்களுக்கு நாடு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது.